ஐ9-13900கே ஓவர்கிளாக்: தனி வாட்டர் கூலிங் அமைக்க எந்தப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது?

வடபழனிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசசர், இசட்790 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு, லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ கேபினட். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மணிக்கணக்காக ரெண்டர் ஓடும் வேலை என்பதால் பெரிய கோர்கள் எட்டையும் ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி, 1.40 வோல்ட்டில் 5.7 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தியிருக்கிறேன். இப்போதுள்ள 240 மி.மீ. ஏஐஓ கூலரால் (பம்பும் ரேடியேட்டரும் ஒரே தொகுப்பாக அடைத்து வரும் நீர்க்குளிர்விப்பான்) அதைத் தாங்க முடியவில்லை. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் தொடங்கிய சில நொடிகளிலேயே 100 டிகிரியைத் தொட்டு, பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அறையில் ஏசி கிடையாது; மே மாதப் பிற்பகலில் அறையே 36 டிகிரி இருக்கும்.

ஆகவே தனி லூப் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் நீர்ச்சுற்று) ஒன்றை அமைக்க எண்ணி ஒரு பட்டியல் போட்டேன். மேலே 60 மி.மீ. தடிமனுள்ள 360 மி.மீ. ரேடியேட்டர் (நீரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் பாகம்), பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என மொத்தம் மூன்று, டி5 பம்ப், நிக்கல் பூசிய வாட்டர் பிளாக் (பிராசசர்மேல் அமர்ந்து சூட்டை நீருக்குக் கொடுக்கும் பாகம்), 14 மி.மீ. அக்ரிலிக் குழாய்; பால்வெள்ளை நிறக் கூலன்ட். செலவு 70,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. நீர் எந்த வரிசையில் எதன் வழியாகப் போக வேண்டும், கிராபிக்ஸ் கார்டையும் இதில் சேர்க்க வேண்டுமா என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காற்றுக்கட்சி எழுதியது:

நண்பரே, முதலில் ஒரு கேள்வி: தனி லூப் உங்களுக்கு உண்மையிலேயே தேவைதானா? 38 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டரோடு வரும் ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் போன்ற 360 ஏஐஓ, நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. பிராசசரை மட்டும் குளிர்விப்பதாக இருந்தால், நல்ல ஏஐஓவுக்கும் தனி லூப்புக்கும் இடையே கிடைப்பது சில டிகிரி வித்தியாசம்தான். அந்தச் சில டிகிரிக்காக ஃபிட்டிங், கசிவுச் சோதனை, ஆண்டுக்கொரு முறை நீர் மாற்றுதல் என்று வீட்டு வேலையைக் கூட்டிக்கொள்கிறீர்கள். அழகுக்காகச் செய்கிறேன் என்றால் எனக்கு மறுப்பில்லை. வெப்பநிலைக்காக என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

செப்புக்குழாய் எழுதியது:

காற்றுக்கட்சி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு அவர் கேட்ட கணக்கையே போட்டுப் பார்க்கலாம்.

பிராசசரின் வெப்பநிலையை மூன்று படிகளின் கூட்டுத்தொகையாகப் பாருங்கள். முதற்படி அறையின் வெப்பநிலை. இரண்டாவது, அறைக்காற்றைவிட லூப்பிலுள்ள நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. மூன்றாவது, நீரைவிடச் சிலிக்கான் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. ரேடியேட்டரும் ஃபேனும் இரண்டாம் படியை மட்டுமே குறைக்கும். மூன்றாம் படி வாட்டர் பிளாக், தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் பிளாக்குக்கும் இடையே தடவும் பசை), பிராசசரின் உலோக மூடி, நீங்கள் கொடுக்கும் வோல்டேஜ் ஆகியவற்றைப் பொறுத்தது. எத்தனை ரேடியேட்டர் மாட்டினாலும் அது அசையாது.

இந்த பிராசசருக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்ச மின்வரம்பு 253 வாட். நீங்கள் அந்த வரம்பைத் தளர்த்தி 1.40 வோல்ட் கொடுத்திருப்பதால் 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். மிதமான வேகத்தில் ஃபேன் சுற்றும்போது, 120 மி.மீ. ரேடியேட்டர் பரப்பு ஒவ்வொன்றும், நீர் காற்றைவிட 10 டிகிரி கூடுதலாக இருக்கையில், ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றும் என்பது இத்துறையில் பலகாலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் ஒரே ஒரு 360 ரேடியேட்டர் இருந்தால் உங்கள் நீர் 36-உடன் 10 சேர்ந்து 46 டிகிரியில் நிற்கும். இரண்டு மாட்டினால் 41, மூன்று மாட்டினால் 39 அல்லது 40. முதல் ரேடியேட்டரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது 5 டிகிரி கிடைக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் இரண்டு டிகிரிகூடக் கிடைக்காது. மூன்றாவதற்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல ஃபேன்கள் வாங்கலாம்.

இனி மூன்றாம் படி. நல்ல பிளாக் சரியாகப் பொருந்தியிருந்தாலும், இந்த பிராசசரில் நீருக்கும் சிலிக்கானுக்கும் இடையே 300 வாட்டில் 50 டிகிரி இடைவெளி விழுவது சாதாரணம். மூடிக்குக் கீழே உள்ள சில்லின் (சிலிக்கான் சிப்பின்) மொத்தப் பரப்பு சுமார் 257 சதுர மில்லிமீட்டர்தான். அதிலும் வெப்பத்தின் பெரும்பகுதி எட்டுப் பெரிய கோர்கள் இருக்கும் இடத்திலேயே குவிகிறது. 36, 10, 50 மூன்றையும் கூட்டினால் 96. ஏஐஓ போட்டாலும் தனி லூப் போட்டாலும் இந்த 50 அப்படியேதான் இருக்கும் என்பதால்தான் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று நண்பர் சொல்கிறார். ஆனால் 36 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 5 டிகிரிதான் வேகம் குறைவதற்கும் குறையாமல் ஓடுவதற்கும் இடையே உள்ள எல்லை. ஏசி அறையில் இருப்பவருக்கு நானும் ஏஐஓவைத்தான் சொல்லியிருப்பேன்.

வடபழனிவாசி எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி அண்ணா. மூன்றாவது ரேடியேட்டரை விட்டுவிடுகிறேன். அந்த 50 டிகிரியைக் குறைக்க வழியே இல்லையா? விலை உயர்ந்த பிளாக் வாங்கினால் குறையுமா?

மறைகழன்றவன் எழுதியது:

விலைக்கும் வெப்பநிலைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. வாட்டர்கூல் நிறுவனத்தின் ஹீட்கில்லர், ஆல்ஃபாகூல், ஆப்டிமஸ், சீனத்து பைக்ஸ்கி, பேரோ என எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது செப்புத் தகட்டில் மயிரிழைப் பருமனில் வெட்டிய வாய்க்கால்களும், அவற்றின் நடுவில் நீரைப் பாய்ச்சும் ஒரு தகடும்தான். நல்ல பிளாக்குக்கும் நடுத்தர பிளாக்குக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் இருக்கலாம். அதே அளவு வித்தியாசம், அதைவிடக் கூடுதலாகவும், பொருத்தும் முறையிலேயே வந்துவிடும்.

உங்கள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில்) ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீள்சதுரமான பிராசசரை மதர்போர்டோடு வரும் பூட்டு இரண்டு பக்கங்களின் நடுவில் மட்டும் அழுத்துவதால், உலோக மூடி நடுவில் குழிந்துவிடுகிறது. பிளாக்கின் அடிப்பகுதி ஓரங்களில் தொட்டுக்கொண்டும் சில்லுக்கு நேர்மேலே இடைவெளி விட்டும் நிற்கும். அந்த இடைவெளியைப் பேஸ்ட்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய பேஸ்டைத் துடைக்கும் முன் அதன் தடத்தைப் பாருங்கள்: ஓரங்களில் உலோகம் தெரியுமளவு மெலிந்தும் நடுவில் தடித்த பட்டையாகவும் இருந்தால் குழிவு இருக்கிறது என்று பொருள். தெர்மல் கிரிஸ்லி, தெர்மல்ரைட் ஆகிய நிறுவனங்கள் விற்கும் மாற்றுச் சட்டம் (அந்தப் பூட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் உலோகச் சட்டகம்) நான்கு புறமும் சமமாக அழுத்துவதால் மூடி மட்டமாகிறது. தெர்மல்ரைட்டின் சட்டம் மிகமிக மலிவு. உங்கள் பட்டியலிலேயே ரூபாய்க்கு அதிக டிகிரி தரப்போவது அதுதான். அளவுக்கு மீறித் திருகினால் மெமரி சேனல் ஒன்று காணாமல் போகும், திருகு தளர்ந்திருந்தாலும் அப்படியே. ஆகவே குறுக்கு மூலைகளாகச் சிறிது சிறிதாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பூட்டை மாற்றினால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம் என்று இன்டெல் சொல்லியிருப்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்த கட்டம் மூடியையே கழற்றிவிட்டு சில்லின்மேல் நேரடியாக பிளாக்கை உட்காரவைப்பது. பத்து டிகிரிக்கு மேலும் குறையும். ஆனால் 13900கே-யில் மூடி இண்டியம் உலோகப் பற்றால் சில்லோடு பிடிக்கப்பட்டிருக்கிறது. 2012-இல் வந்த 3770கே போலப் பேஸ்ட் மட்டும் தடவிய பிராசசர் அன்று. வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம். பேஸ்டுக்குப் பதிலாகத் தடவும் திரவ உலோகத்தையும் தொடாதீர்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தில் பட்டால் அதை நொறுங்கச் செய்துவிடும். மதர்போர்டில் ஒரு துளி சிந்தினால் ஷார்ட் சர்க்யூட்.

குளிர்நாட்டான் எழுதியது:

இங்கே கனடாவில் ஜனவரியில் ஜன்னலைச் சற்றுத் திறந்து ரேடியேட்டரை அதன் அருகில் வைத்தால் நீர் 15 டிகிரிக்கு வந்துவிடுகிறது, 5.8 தாராளமாக ஓடுகிறது. சென்னையில் அது நடக்காது என்பதால் மீன் தொட்டிக்குப் பயன்படும் ‘சில்லர்’ என்ற குளிரூட்டும் கருவியை லூப்பில் இணைத்துவிடலாமே? கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது.

செப்புக்குழாய் எழுதியது:

வேண்டாம். குளிர்நாட்டான் அவர்களுக்கு ஜனவரியில் காற்றே வறண்டிருக்கும். சென்னைக் காற்றில் பெரும்பாலான மாதங்களில் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 23 முதல் 26 டிகிரி வரை நிற்கிறது. நீர் அதற்குக் கீழே போன உடனே குழாய், பிளாக், சாக்கெட்டைச் சுற்றிய பலகை எல்லாம் வியர்க்கும். காற்றால் குளிரும் ரேடியேட்டரின் பெரிய பாதுகாப்பே, அறையின் வெப்பநிலைக்குக் கீழே அது நீரைக் கொண்டுபோகவே முடியாது என்பதுதான். சில்லர் கருவியை 30 டிகிரியில் நிறுத்திவைத்தால் ஆபத்தில்லை. ஆனால் அது எடுத்த வெப்பத்தோடு தன் கம்பிரசரின் வெப்பத்தையும் சேர்த்து அதே அறைக்குள்தான் தள்ளும். அந்த மின்கட்டணத்துக்கு அறையிலேயே ஏசி போட்டுக்கொண்டால் கணினியோடு நீங்களும் குளிரலாம்.

பம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டி5 நல்ல தேர்வு. லாயிங் நிறுவனம் உருவாக்கிய இந்தப் பம்ப் இப்போது சைலம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது; எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே பெரும்பாலும் அதே மோட்டார்தான். மணிக்கு 1,500 லிட்டர், சுமார் 4 மீட்டர் ஏற்றம் என்ற எண்கள் லூப்பில் மாட்டாமல் அளந்தவை. பிளாக்கும் இரண்டு ரேடியேட்டரும் முழங்கை ஃபிட்டிங்குகளும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 4 லிட்டர் கிடைத்தாலே போதும். டிடிசி என்ற மற்றொரு வகைப் பம்புக்கு ஏற்றம் அதிகம், உருவம் சிறியது. ஆனால் அதன் அடிப்பகுதி சூடாகும், ஓசையும் சற்றுக் கூர்மையானது. டி5 தன் மோட்டாரை அதன் வழியாகப் போகும் நீரைக்கொண்டே குளிர்வித்து, தாங்கியையும் நனைத்துக்கொள்கிறது. அதனால் நீர் இல்லாமல் ஒருபோதும் அதை ஓட்டக்கூடாது. நிரப்பும்போதுகூட, ரிசர்வாயர் (நீர் தேங்கும் தொட்டி) காலியாகும் முன் நிறுத்திவிட்டு மீண்டும் ஊற்ற வேண்டும்.

வரிசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் பாயும் லூப்பில் 300 வாட் கலந்தால், பிளாக்குக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே 1.1 டிகிரிதான் வித்தியாசம் வரும். பாய்ச்சல் பாதியாகக் குறைந்தாலும் அது இரண்டு டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே பிளாக்குக்கு முன்பா பின்பா, இரண்டு ரேடியேட்டருக்கு நடுவிலா என்று யோசிக்க வேண்டாம். குழாய் வளையாமல் எது குறுகிய வழியோ அதுவே சரியான வரிசை. பம்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில், ரிசர்வாயர் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மீறக்கூடாத விதி.

இன்னொன்று, பம்புக்கான மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து) நேரடியாகக் கொடுங்கள். மதர்போர்டின் சாதாரண ஃபேன் இணைப்பு ஒரு ஆம்பியருக்கானது, டி5 அதைவிட அதிகம் இழுக்கும். வேகத்தைச் சொல்லும் கம்பியை மட்டும் சிபியு ஃபேன் இணைப்பில் செருகினால், பம்ப் நின்றுபோன நாளில் கணினி தொடங்கும்போதே எச்சரிக்கும்.

காற்றுக்கட்சி எழுதியது:

வோல்டேஜைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. பிராசசர் செலவழிக்கும் சக்தி, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 1.40-ஐ 1.33 ஆக்கினால் வர்க்கக் கணக்கில் சுமார் 10 சதவீதம் மிச்சம். செப்புக்குழாய் ஐயா கொடுத்த 300 வாட்டில் அது 30 வாட். அவர் சொன்ன 50 டிகிரியை 300-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.17 டிகிரி வருகிறது; 30 வாட்டுக்கு 5 டிகிரி. ஒரு ரேடியேட்டர் வாங்கிக் கிடைப்பதைப் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) சில எண்களை மாற்றியே பெறலாம். 5.7-இலிருந்து 5.5-க்கு இறங்குவதால் ரெண்டரில் நீங்கள் இழப்பது மூன்றரை சதவீதம்.

இந்தத் தலைமுறையில் அதிக வோல்டேஜுக்கு வேறு விலையும் உண்டு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் நாளடைவில் நிலைகுலைவதற்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் ஒரு காரணம் என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோட் (பிராசசருக்குள் இயங்கும் நுண்நிரல்) திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பயாஸ் புதுப்பிக்காமல் ஓவர்கிளாக் செய்துகொண்டிருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

வடபழனிவாசி எழுதியது:

பயாஸைப் புதுப்பித்துவிட்டேன். 1.34 வோல்ட்டில் 5.6 நிலையாக ஓடுகிறது. இனி அதிலேயே இருக்கப்போகிறேன். கூலன்ட் விஷயத்தில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. கண்ணாடிக் கேபினட்டில் வெள்ளை நிறம் அழகாக இருக்கும் என்று ஆசை. காரில் ஊற்றும் கூலன்ட்டோ, பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரோ போதும் என்று சிலர் சொல்கிறார்கள்.

மறைகழன்றவன் எழுதியது:

பால்வெள்ளையாகத் தெரியும் கூலன்ட்டில் இருப்பது கரைந்த சாயம் அன்று, மிதக்கும் நுண்துகள்கள். வாட்டர் பிளாக்கின் வாய்க்கால்கள் மில்லிமீட்டரில் சிறு பங்கு அகலமே உடையவை. நாளடைவில் துகள்கள் அங்கே படிந்து வடிகட்டியில் சேரும் வண்டலைப் போல அடைத்துக்கொள்ளும். பிளாக்கைக் கழற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கும் வேலையை ஆண்டுதோறும் செய்ய விருப்பமிருந்தால் வாங்குங்கள். நிறமற்ற கலவை, உதாரணமாக அக்வா கம்ப்யூட்டரின் டிபி அல்ட்ரா, எடுத்துக்கொண்டு வெண்மையை விளக்கொளியில் காட்டிக்கொள்ளலாம்.

பேட்டரித் தண்ணீர் என்று விற்பது பெரும்பாலும் உப்பு நீக்கிய நீர். மூடி இறுகியிருக்கும் நல்ல கேன் என்றால் கழுவுவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதையே லூப்பில் நிரந்தரமாக ஊற்றுவதானால் பாசியைத் தடுக்கவும் உலோகம் அரிக்காமல் இருக்கவும் மருந்து கலக்க வேண்டும். வெறும் நீராக விட்டால், நம் ஊர் வெப்பத்தில் வெயில் படும் ரிசர்வாயரில் பச்சை படர நெடுநாள் ஆகாது. போர்த் தண்ணீரையும் ஆர்ஓ கேன் நீரையும் கிட்டே கொண்டுவராதீர்கள். காருக்கான கூலன்ட் அரிப்பைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள கிளைகால் என்ற வேதிப்பொருள் நீரின் வெப்பக் கொள்ளளவைக் குறைத்து, பிசுபிசுப்பைக் கூட்டும். அக்ரிலிக்கோடும் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் உலோகம். ஏஐஓக்களின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், அவற்றின் பிளாக் செம்பு. தயாரிப்பாளர் கலந்து அடைத்த மருந்தை நம்பித்தான் அது காலம் தள்ளுகிறது. தனி லூப்பில் செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நின்றால் அலுமினியம் மின்வேதி அரிப்பில் கரையத் தொடங்கும். இணையச் சந்தையில் பாதி விலைக்கு வரும் ரேடியேட்டர்கள் பல அலுமினியமே. விளம்பரத்தில் செம்பு என்று எழுதியிருந்தாலும் கைக்கு வந்ததும் எடையைப் பாருங்கள், வாய்த்துளையின் உள்மரையைப் பாருங்கள். பித்தளையின் மஞ்சள் தெரிய வேண்டும். ஹார்ட்வேர் லேப்ஸ், ஆல்ஃபாகூல் போன்றவற்றில் இந்தச் சந்தேகமே எழாது. ஃபிட்டிங்குகளும் நிக்கல் பூசிய பித்தளையாக, ஜி 1/4 மரையுடன் இருக்கட்டும்.

செப்புக்குழாய் எழுதியது:

ரேடியேட்டரின் தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. 60 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்தால் 85 மி.மீ. ஆகும், மேற்பகுதியில் அது மதர்போர்டின் விஆர்எம் ஹீட்சிங்க்கை (மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியின்மேல் உள்ள குளிர்விப்பு உலோகத்தை) இடிக்கும். 30 மி.மீ. போதும். அங்குலத்துக்கு 15, 16 தகடுகள் உள்ளதாகத் தேர்ந்தெடுத்தால் மெதுவாகச் சுற்றும் ஃபேனே காற்றைத் தள்ளிவிடும். 30 தகடுகள் நெருக்கமாக உள்ளவை வேகமான ஃபேனைக் கேட்கும், தூசியையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஃபேனுக்கு நோக்டுவா ஏ12எக்ஸ்25 என்றால் மனநிறைவு, ஆர்க்டிக் பி12 என்றால் பண நிறைவு.

கிராபிக்ஸ் கார்டை இப்போது சேர்க்க வேண்டாம். 4080-இன் 320 வாட்டும் சேர்ந்தால் இரண்டு ரேடியேட்டரில் நீர் மீண்டும் 46-க்கு ஏறும்; அந்தக் கார்டு காற்றிலேயே நன்றாகத்தான் குளிர்கிறது. ஆனால் அது கக்கும் வெப்பக்காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். மேலுள்ள ரேடியேட்டர் காற்றை வெளியேற்றினால் கார்டின் சூட்டைத்தான் உறிஞ்சிக் குளிரப் பார்க்கும். பக்கவாட்டு ரேடியேட்டர் வெளிக்காற்றை உள்ளிழுக்கட்டும். அடியில் நீங்கள் கைவிட்ட மூன்றாவது ரேடியேட்டரின் இடத்தில் மூன்று ஃபேன்கள் வெளிக்காற்றைக் கார்டுக்கு ஊட்டட்டும். ஃபேன்களின் வேகத்தைப் பிராசசரின் வெப்பநிலையோடு பிணைக்காமல் நீரின் வெப்பநிலையோடு பிணையுங்கள். ஒரு நீர்ச் சென்சார் சில நூறு ரூபாய்தான். பிராசசர் நொடியில் முப்பது டிகிரி தாவும். நீர் நிதானமாக நிமிடக் கணக்கில்தான் ஏறும். ஃபேன்கள் காரணமின்றிச் சீறிச் சீறி அடங்கும் தொல்லை அதோடு தீரும்.

வடபழனிவாசி எழுதியது:

இறுதிப் பட்டியல்: 30 மி.மீ. செப்பு ரேடியேட்டர் இரண்டு, டி5 பம்பும் ரிசர்வாயரும் இணைந்த தொகுதி, நிக்கல் பூசிய பிளாக், தெர்மல்ரைட் சட்டம், பி12 ஃபேன்கள், நிறமற்ற கூலன்ட், நீர்ச் சென்சார். அக்ரிலிக்குக்குப் பதிலாக 10/16 மி.மீ. ரப்பர் குழாய் என்று மாற்றிக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து 70,000-க்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது.

மறைகழன்றவன் எழுதியது:

இபிடிஎம் ரப்பர் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மலிவான பிவிசி குழாயிலிருந்து கசியும் மென்மையூட்டி பிளாக்கில் வெள்ளைப் பிசினாகப் படியும். கூடவே ஒரு வடிகால் வால்வும் காற்றழுத்தச் சோதனைக் கருவியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றும் முன் அரை பார் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் கசிவில்லை. அதன்பின் நீர் நிரப்பி, மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் எஸ்எம்பிஎஸ்-ஐத் தனியே உயிர்ப்பித்துப் பம்பை மட்டும் ஓட்டுங்கள்.

வடபழனிவாசி எழுதியது:

வால்வை எங்கே வைப்பது? பக்கவாட்டு ரேடியேட்டரின் வாய்களைக் கீழ்நோக்கி வைத்து அங்கேயே பொருத்தலாமா?

செப்புக்குழாய் எழுதியது:

பொருத்தலாம், லூப்பின் மிகத் தாழ்ந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். வாய்கள் கீழே இருந்தால் ரேடியேட்டரின் மேற்கோடியில் காற்று தங்கும். நிரப்பும்போது கேபினட்டை இரு பக்கமும் நன்றாகச் சாய்த்துச் சாய்த்து அந்தக் காற்றை ரிசர்வாயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சில நாள் குமிழிச் சத்தம் கேட்டுப் பிறகு அடங்கும், நீர்மட்டமும் சற்று இறங்கும். அப்போது ஊற்றுவதற்கு அதே கூலன்ட்டில் கால் லிட்டர் எடுத்து வையுங்கள்.